யார் எண்ணிய ஒன்று

டெர்மினலில் ஒரே ஒரு வரி. அதில் தொடக்கக் கோப்பின் பெயரும், வெளிவர வேண்டிய கோப்பின் பெயரும் இருந்தால் போதும். தட்டியதும், பல அடைவுகளில் சிதறிக் கிடந்த ஸ்டைல்ஷீட்கள், ஒன்றையொன்று ‘இம்போர்ட்’ என்று அழைத்த வரிசை குலையாமல், ஒரே கோப்பாக வந்து சேர்கின்றன. போஸ்ட்சிஎஸ்எஸ் வகையறாவில் இதற்கென்றே ஒரு செருகுநிரல் உண்டு. 2020-இல் இவான் வாலஸ் வெளியிட்ட ஈஎஸ்பில்ட் இதே வேலையைக் கண் இமைக்கும் நேரத்தில் செய்கிறது. இவை நல்ல கருவிகள், இவை செய்வது தேவையான வேலை. மனதில் உறுத்திக்கொண்டே இருப்பது, வேலை முடிந்ததும் திரையில் தோன்றும் அந்த நிறைவுதான். ஒரு கோப்பு, இத்தனை கிலோபைட், இத்தனை மில்லிநொடி, முடிந்தது என்கிறது கருவி. அந்த ‘ஒரு’ என்பதை எங்கே நின்று எண்ணினோம்? எழுதியவரின் வன்தட்டில் நின்று எண்ணினால் ஒன்று. இலங்கை மலைநாட்டுப் பொகவந்தலாவையில் ஒரு தோட்ட லயத்து வாசலில், மிச்சமிருக்கும் டேட்டாவோடு அந்தப் பக்கத்தைத் திறக்கிற பிள்ளையின் கையில் நின்று எண்ணினால் அது எத்தனை? இந்தக் கட்டளைகள் எதுவும் அந்த இரண்டாவது எண்ணைக் கேட்பதில்லை. நாமும் கேட்பதில்லை.

முதலில், ஒன்றாக்குவது ஏன் சரி என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மலைநாட்டில் அதன் நியாயம் கொழும்பில் இருப்பதைவிடக் கூர்மையானது. உலாவி ஒரு ஸ்டைல்ஷீட்டை முழுதாகப் பெற்றுப் படிக்கும் வரை பக்கத்தில் எதையும் வரையாது. அந்தத் தாளுக்குள் இன்னொரு தாளை அழைக்கும் ஒரு வரி இருந்தால், அது இருக்கிறது என்பதே முதல் தாள் வந்த பிறகுதான் உலாவிக்குத் தெரியும். இரண்டாவதற்குள் மூன்றாவது, மூன்றாவதற்குள் நான்காவது என்று போனால், ஒவ்வொன்றுக்கும் கேள்வி போய்ப் பதில் வரவேண்டும். ஒரு போக்குவரத்துக்குக் கால் நொடி என்று வைத்துக்கொண்டால் நான்கு படிச் சங்கிலிக்கு ஒரு முழு நொடி, அதுவும் சிக்னல் அறாமல் இருந்தால். இந்த மலைகளில் சிக்னல் அறாமல் இருப்பதில்லை. பிதுருதலாகலையின் 2,524 மீற்றர் உச்சியில் நாட்டுக்கே ஒளிபரப்பும் கோபுரம் நிற்கிறது. ஆனால் மஸ்கெலியா, அப்கொட், அக்கரபத்தனை மடிப்புகளுக்குள் கைத்தொலைபேசி அலை ஒரு மலைத்தோளுக்கு இந்தப் பக்கம் இருக்கும், அந்தப் பக்கம் இருக்காது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு, பாடம் போனுக்குள் போனபோது, பிள்ளைகள் பாறைமேடுகளிலும் வீதி வளைவுகளிலும் ஏறி நின்று படித்தார்கள் என்பதை நாடே கண்டது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை நீண்டபோது, இருந்த சிக்னலும் நம்ப முடியாததானது. இத்தகைய இடத்தில் பாரத்தைவிடப் போக்குவரத்தின் எண்ணிக்கைதான் முதல் எதிரி. அலை கிடைத்த அந்தச் சில நொடிகளுக்குள் பக்கம் வந்து சேர்ந்துவிட வேண்டும். நான்கு முறை போய்வர அவகாசம் கிடைக்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. 2015-இல் எச்டிடிபி/2 வந்த பிறகு, ஒரே இணைப்பில் பல கோப்புகளை ஒருங்கே இறக்கலாம்; பழைய முறையில் ஒரு தளத்துக்கு ஆறு இணைப்புகள் என்று உலாவிகள் வைத்திருந்த வரம்பு இப்போது பொருட்டில்லை; ஆகவே ஒன்றாக்குவது பழைய காலத்துப் பழக்கம் என்பார்கள். பாதி சரி. ஒருங்கே இறக்குவதற்கு, எவை வேண்டும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். சங்கிலியாக அழைக்கப்படும் தாள்களில் அடுத்தது எது என்பது முந்தையது வரும் வரை தெரியாதே, அங்கே புதிய நெறிமுறைக்குச் செய்ய ஒன்றுமில்லை. மேலும் எச்டிடிபி/2-இல் எல்லாம் ஒரே டிசிபி இணைப்பில் போகின்றன. இடையில் ஒரு தரவுப் பொட்டலம் தொலைந்தால், அது திரும்ப வரும் வரை மற்ற எல்லாமே காத்து நிற்கும். பொட்டலம் தொலைவது சமதளத்து நகரத்தில் விதிவிலக்கு, மலையிடுக்கில் அன்றாடம். 2022-இல் முறைப்படுத்தப்பட்ட எச்டிடிபி/3 இந்தக் காத்திருப்பைத் தளர்த்துகிறது, ஆனால் சங்கிலியை அதுவும் அறுக்காது. இன்னொரு மறுப்பு அளவைப் பற்றியது: ஒரு காணொளிக்கு எத்தனையோ மெகாபைட் செலவாகும் இடத்தில், சில பத்துக் கிலோபைட் ஸ்டைல்ஷீட்டைப் பற்றி ஏன் இத்தனை பேச்சு? காணொளி வராவிட்டால் பக்கத்தில் ஓர் ஓட்டை விழும், படிக்க வேண்டியதைப் படித்துவிடலாம். ஸ்டைல்ஷீட் வராவிட்டால் பக்கமே வெள்ளை. சர்வர் முதல் மூச்சில் அனுப்பக்கூடியது பத்துப் பொட்டலங்கள், ஏறத்தாழ 14 கிலோபைட். அதற்குள் அடங்குவதா, அடங்காமல் இன்னொரு போக்குவரத்துக்குக் காத்திருப்பதா என்ற வேறுபாடு, பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் காலையில் ஹட்டன் பஸ் நிலையத்தில் சுட்டெண்ணைத் தட்டிவிட்டு நிற்கிறவருக்குச் சின்னதாக இருக்காது.

சரி, ஒன்றாக்க வேண்டும். ஆனால் ஒன்றாக்குவது வெறும் ஒட்டுதல் என்று நினைத்தால் அங்கேதான் முதல் தவறு நேரும். ஸ்டைல்ஷீட்டின் உயிர் வரிசையில் இருக்கிறது. ஒரே பொருளைப் பற்றி இரண்டு விதிகள் சம வலுவோடு இருந்தால் பின்னால் வருவதே வெல்லும். இப்போது இரண்டு கோப்புகள் ஒரே மூன்றாவது கோப்பை அழைக்கின்றன என்று வைப்போம். ஜாவாஸ்கிரிப்ட் உலகத்தில் பழகியவர்கள், முதல் அழைப்பில் அதை எடுத்துக்கொண்டு அடுத்ததை விட்டுவிடுவார்கள். அங்கே அதுதான் முறை. ஸ்டைல்ஷீட்டின் மொழியான சிஎஸ்எஸ்ஸில் கணக்கு தலைகீழ். உலாவி இரண்டு இடத்திலும் அதைப் படிக்கும், ஆகவே கடைசியாக வந்த படிதான் செல்லும். ஒன்றாக்கும் கருவியும் கடைசிப் படியை வைத்துக்கொண்டு முதற்படியைத்தான் நீக்க வேண்டும். ஈஎஸ்பில்ட் இந்த முறையைப் பின்பற்றுகிறது. முதற்படியை வைத்துக்கொள்ளும் கருவிகளும் இருந்திருக்கின்றன, பெரும்பாலான தளங்களில் எவரும் அதைக் கவனிக்கவும் இல்லை. பொத்தானின் ஓரம் சற்று வளைந்ததா நேராக இருந்ததா என்பதுதானே வேறுபாடு என்று தோன்றும். மலையில் அப்படித் தோன்றக் கூடாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிலைகளாக விடுக்கிறது: விழிப்புக்கு மஞ்சள், ஆயத்தத்துக்குச் செம்மஞ்சள், வெளியேறச் சிவப்பு. ஒரு பக்கத்தில் இந்த எச்சரிக்கையை இடும்போது நிலையை முதலில் சொல்வது நிறம், அந்த நிறத்தை முடிவுசெய்வது ஸ்டைல்ஷீட்டின் ஒரு வரி. பொதுவான பெட்டிகளுக்கு மஞ்சள் பின்னணி தருகிற தாள் ஒன்று, சிவப்பு எச்சரிக்கைக்கான தாளுக்குப் பின்னால் போய் விழுந்தால், சிவப்பு மஞ்சளாகும். கோப்பு ஒன்றுதான், பிழைச்செய்தி எதுவும் வராது, எழுத்தில் ‘வெளியேறவும்’ என்றிருக்கும், நிறம் ‘கவனமாக இருங்கள்’ என்று சொல்லும். 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் சரிவுகள் அடுத்தடுத்து நிகழ்ந்ததையும் அறிந்தவர்கள், நிறத்தை அலங்காரம் என்று ஒதுக்க மாட்டார்கள். எச்சரிக்கையை நிறத்திடம் மட்டும் ஒப்படைக்கக் கூடாது என்பது வேறு. ஒப்படைத்த பிறகு அந்த நிறம் மாறக் கூடாது என்பதுதான் ஒன்றாக்குபவரின் பொறுப்பு.

இந்த வரிசைச் சிக்கலுக்கு அடுக்குகள் என்ற புதிய வசதி தீர்வு தருகிறது: எந்தத் தொகுதி எதை மீறலாம் என்பதைப் பெயரிட்டு முதலிலேயே அறிவித்துவிடலாம், பிறகு கோப்புகள் எந்த வரிசையில் வந்தாலும் கவலையில்லை. 2022 தொடக்கத்தில் எல்லாப் பெரிய உலாவிகளிலும் அது வந்துவிட்டது, குரோமில் 99-ஆம் பதிப்பில். ஆனால் ஆண்ட்ராய்டு 5 உள்ள போனுக்குக் கிடைத்த கடைசிக் குரோம் 95-ஆம் பதிப்பு. அந்த உலாவி அடுக்கு என்ற சொல்லைப் புரிந்துகொள்ளாது; புரியாததை அப்படியே தள்ளிவிடுவது சிஎஸ்எஸ்ஸின் விதி. அதனால் அந்த அடுக்குக்குள் எழுதிய அத்தனையும் போய்விடும், மிஞ்சுவது வடிவமைப்பே இல்லாத மொட்டைப் பக்கம். அண்ணன் வாங்கிய போன் தங்கைக்கும், அவளிடமிருந்து அம்மாவுக்கும் வந்து சேருகிற வீடுகளில், 2014-இன் ஆண்ட்ராய்டு 5 பழங்கதையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வெளிவருவதற்கே 2021 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்த சமூகம் இது. புதிய போனை எப்போது வாங்குவது என்பதை உலாவி நிறுவனங்களின் கால அட்டவணை முடிவுசெய்ய முடியாது.

முகவரி விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு தாளுக்குள் ‘இரண்டு படி மேலே போய் அங்கே இருக்கும் படம்’ என்று எழுதியிருந்தால், அது அந்தத் தாள் இருந்த இடத்தைப் பொறுத்த முகவரி. தோட்டத்துக்குள் ‘மேற்பிரிவு, மூன்றாம் லயம்’ என்றால் எல்லோருக்கும் விளங்கும்; தோட்டத்துக்கு வெளியே நின்று அதையே சொன்னால் தபால் எங்கும் போய்ச் சேராது. தாளை எடுத்துப் பெரிய கோப்புக்குள் குடியேற்றும்போது அந்த முகவரிகளைப் புதிய இடத்திலிருந்து திருத்தி எழுத வேண்டும். நல்ல கருவிகள் இதைச் செய்கின்றன, ஆகவே இங்கே அதிகம் நிற்க வேண்டியதில்லை.

நிற்க வேண்டிய இடம் எழுத்துரு. நான் தொடக்கத்தில் சொன்ன உறுத்தலின் வேரும் அதுதான். ஒன்றாக்கும் கருவியால் சேர்க்க முடிவது தன் வன்தட்டில் இருப்பதை. இணையத்தில் வேறொரு முகவரியில் இருக்கும் தாளை அழைத்திருந்தால், பெரும்பாலான கருவிகள் அந்த ஒரு வரியை அப்படியே விட்டு, புதிய கோப்பின் உச்சியில் கொண்டுபோய் வைக்கும்; ‘இம்போர்ட்’ வரிகள் மற்ற விதிகளுக்கு முன்னால் இருந்தால்தான் செல்லும் என்பதால் அங்கேதான் வைக்க வேண்டும். தமிழ்ப் பக்கங்களில் இப்படி உச்சியில் போய் உட்காரும் வரி பெரும்பாலும் எது? தமிழ் எழுத்துருவை அழைக்கும் வரி. கூகுள் ஃபான்ட்ஸை எடுத்துக்கொண்டால், எழுத்துருவை விவரிக்கும் தாள் ஒரு முகவரியில், எழுத்துருக் கோப்பு இன்னொரு முகவரியில். ஒவ்வொரு புதிய முகவரிக்கும் பெயரைத் தேட ஒரு போக்குவரத்து, இணைப்பை ஏற்படுத்த ஒன்று, மறைகுறியாக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ, அதற்குப் பிறகுதான் கோப்பைக் கேட்பதே. அந்தத் தொலைதூரத் தாள் வந்து முடியும் வரை நம் ‘ஒரே கோப்பு’ வந்து முடிந்ததாக உலாவி கருதாது. கோப்பு கைக்கு வந்துவிட்டது, நூற்றுக்கணக்கான விதிகள் ஆயத்தமாக இருக்கின்றன, பக்கம் இன்னும் வெள்ளை. தாள் வந்த பிறகு எழுத்துருக் கோப்புக்கான காத்திருப்பு தொடங்குகிறது. வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் உலாவிகள் சுமார் மூன்று நொடி வரை எழுத்தை மறைத்து வைக்கும். கட்டமும் கோடும் நிறமும் முன்னே வர, படிக்க வேண்டிய தமிழ் கடைசியில் வருகிறது. ஆங்கிலப் பக்கத்தைத் திறப்பவருக்கும் இந்தக் காத்திருப்பு நேரலாம். ஆனால் தமிழ்ப் பக்கத்தை உருவாக்குபவர், தமிழ் தெரிய வேண்டும் என்ற அக்கறையினாலேயே எழுத்துருவைத் தவறாமல் அழைக்கிறார், அதனால் காத்திருப்பும் தவறாமல் நேர்கிறது. சிக்கலின் கசப்பு இதுதான்: அக்கறை காட்டிய இடத்திலேயே வாசகர் அதிகம் காத்திருக்கிறார்.

இந்தப் பழக்கத்துக்கு வரலாறு உண்டு, அதை மதிக்காமல் கடக்க முடியாது. யூனிகோடு பரவுவதற்கு முன் இலங்கைத் தமிழில் அச்சும் கணினியும் பாமினி போன்ற எழுத்துருக்களை நம்பியிருந்தன, அச்சகங்களில் பாமினி இன்றும் வாழ்கிறது. அவற்றில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் அமர்ந்திருந்தன. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் தெரியும். ஆகவே பக்கத்தோடு எழுத்துருவையும் அனுப்பியாக வேண்டும் என்பது அன்று உயிர்ப்பிரச்சினை. அதற்காகத் தமிழ்த் தளங்கள் பக்கத்தோடு இறங்கும் எழுத்துருக்களோடு பட்ட பாடு பெரிது. இன்றைய ஆண்ட்ராய்டு போன்களிலும் ஐபோன்களிலும் தமிழ் எழுத்துரு உள்ளேயே இருக்கிறது. ஒன்றும் அனுப்பாமலே தமிழ் சரியாகத் தெரியும். தேவை போய்விட்டது, அழைக்கும் வரி மட்டும் ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்குப் பிரதியெடுக்கப்பட்டுக்கொண்டே வருகிறது. ‘எல்லாத் தளங்களும் அதே எழுத்துருவைத்தானே பயன்படுத்துகின்றன, ஒருமுறை இறங்கிவிட்டால் போனிலேயே இருக்குமே’ என்ற சமாதானமும் இப்போது செல்லாது. 2020 அக்டோபரில் குரோம் 86-ஆம் பதிப்பிலிருந்து, தனியுரிமை கருதி, ஒவ்வொரு தளத்துக்கும் சேமிப்பைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள்; சஃபாரி அதற்கும் முன்பே பிரித்தது. ஒரு தளத்துக்காக இறக்கிய எழுத்துரு அடுத்த தளத்துக்கு உதவாது, அதே டேட்டாவை மறுபடி கொடுக்க வேண்டும்.

எழுத்தின் அழகு முக்கியமில்லையா என்று கேட்கலாம். முக்கியம்தான். மலையகத்தின் சிறுபத்திரிகையோ கவிதைத் தொகுப்போ இணையத்தில் வரும்போது, போன் நிறுவனம் தந்த எழுத்துருவில்தான் அது தெரிய வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அச்சில் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால் திரையிலும் இருக்க வேண்டும். அப்படியானால் அந்த எழுத்துருவைத் தன் தளத்துக்குள் கொண்டுவந்து, வேண்டாத மொழிகளின் வடிவங்களை நீக்கி, தமிழுக்கு மட்டும் சுருக்கி வைத்துக்கொள்ளலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவற்றின் திறந்த உரிமம் அதற்கு இடம் தருகிறது. யூனிகோடு தமிழ்த் தொகுதியில் உள்ளவை 72 குறியீடுகள்தாம். சுருக்கும்போது ஒரு கவனம் வேண்டும்: ‘கு’, ‘கூ’ போன்ற வடிவங்களுக்குத் தனிக் குறியீடு கிடையாது, அவை எழுத்துருவுக்குள் இருக்கும் மாற்று அட்டவணைகளால் உருவாகின்றன, குறியீட்டை மட்டும் எண்ணி அட்டவணையை வெட்டினால் உயிர்மெய் சிதைந்து நிற்கும். இதைச் செய்த பிறகு எழுத்துருவின் விவரத்தாள் உள்ளூர்க் கோப்பாகிவிடும், ஒன்றாக்கும் கருவி அதையும் சேர்த்துக்கொள்ளும். எழுத்துருக் கோப்பு வரும் வரை போனின் சொந்த எழுத்துருவில் காட்டு என்று இன்னொரு வரியும் எழுதிவிட்டால், காத்திருப்பு வாசகருடையதாக இல்லாமல் அழகினுடையதாகிவிடும். ஓர் அறிவித்தலுக்கு, பெறுபேற்றுக்கு, எச்சரிக்கைக்கு இவ்வளவும்கூட வேண்டாம் என்பது என் முடிவு. அங்கே எழுத்துருவை அழைக்காமல் விடுவதே மரியாதை.

ஒரே கோப்பு என்பதையும் வேதமாக்கிவிடக் கூடாது. அதற்கு எதிராக நிற்கும் நியாயங்களில் என்னை உண்மையில் தயங்க வைப்பது சேமிப்பு பற்றியது. ஒரு நிறத்தை மாற்றினால் முழுக் கோப்பும் புதியதாகிறது. நேற்று இறக்கியவர் இன்று மறுபடி முழுவதையும் இறக்க வேண்டும், ரீலோட் போட்ட காசிலிருந்து. பூட்ஸ்ட்ராப் போன்ற ஆயத்தத் தொகுதியை ஒரே வரியில் உள்ளே அழைத்திருந்தால் இது இன்னும் மோசம்: அதன் 5.3 பதிப்பு சுருக்கிய பிறகும் 200 கிலோபைட்டைத் தாண்டுகிறது, அழுத்தி அனுப்பினாலும் முப்பதுக்கு அருகே. அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்தாத பக்கங்கள் ஏராளம். ஆகவே அரிதாக மாறுவதை ஒரு கோப்பாகவும், அடிக்கடி மாறுவதை இன்னொரு கோப்பாகவும் பிரித்து, இரண்டையும் பக்கத்தின் தலைப்பகுதியிலேயே நேராக அழைப்பது பல தளங்களுக்குப் பொருந்தும். இரண்டும் ஒருங்கே வரும், சங்கிலி இல்லை. அச்சுக்கான தாளையும் தனியாக விடலாம். தனியாக இருக்கும்போது உலாவி அதை அவசரமில்லாததாகக் கருதி, வரைவதைத் தடுக்காமல் பின்னால் இறக்கிக்கொள்கிறது. சேர்த்துவிட்டால் அதுவும் முன்வரிசைப் பாரத்தில் ஏறிவிடும். அச்சுத் தாள் வேண்டாத ஆடம்பரம் என்று எறிந்துவிடவும் கூடாது. விண்ணப்பப் படிவத்தையும் கடந்தகால வினாத்தாளையும் ஹட்டன், தலவாக்கலை கடைவீதிகளில் கொமினிகேஷன் கடைகளுக்குப் போய்த்தான் பலர் தாளில் எடுக்கிறார்கள். பக்கக் கணக்கில் காசு கொடுக்கிறவருக்கு, பட்டியல் பட்டைகளும் விளம்பரமும் அச்சில் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான்.

இவ்வளவையும் ஒரு கட்டளைக் கருவியிடம் எதிர்பார்ப்பது நியாயமா என்பது கடைசிக் கேள்வி. கருவி சேர்க்கிறது, எதைச் சேர்ப்பது என்பது எழுதுபவரின் வேலை என்பார்கள். ஏற்கிறேன். ஆனால் முடிவில் எதை அறிவிப்பது என்பதைக் கருவி எழுதியவர்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டார்கள்: அளவையும் மில்லிநொடியையும். கட்டி முடிக்க எடுத்த மில்லிநொடி எழுதியவரின் நேரம். அதைத் திரையில் காட்ட இடம் இருந்தால், வெளியே விடப்பட்ட வரிகள் எத்தனை, அவை எத்தனை புதிய முகவரிகளுக்குப் போகின்றன, இரண்டு முறை அழைக்கப்பட்டு ஒரு படி நீக்கப்பட்டவை எவை என்று மூன்று வரி காட்டவும் இடம் இருக்கும். இவை எல்லாம் சேர்க்கும்போதே கருவிக்குத் தெரிந்துவிட்ட செய்திகள், புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இந்தக் கருவிகளின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. தமிழ்ப் பக்கங்களைக் கட்டுகிறவர்கள் கொழும்பிலும் சென்னையிலும் டொரொன்டோவிலும் இருக்கிறார்கள். அந்த மூன்று வரிகளை எழுதி அனுப்பும் திறமை அவர்களில் பலருக்கு இருக்கிறது.